கருப்பூர்ச் சிவப்பும் ஒட்டுத்துணி விரிப்பும்

சிறு சிறு துணித் துண்டுகளை ஒன்றோடொன்று இணைத்து ஒரு மேல்துணி ஆக்கி, அடியில் ஒரு முழுத்துணியும் நடுவில் இன்னோர் அடுக்கும் வைத்து, மூன்றையும் சேர்த்து ஓடுதையல் போட்டால் ஒட்டுத்துணி விரிப்பு. தையற்கடையில் மிஞ்சிய கட்பீஸ், நைந்துபோன புடவை, ஓரம் கிழிந்த வேட்டி என எது இருந்தாலும் இதற்கு ஆகும். வங்காளத்தில் காந்தா, மராட்டியத்தில் கோதடி, கர்நாடகத்தில் கவுதி, ராஜஸ்தான் பக்கம் ரல்லி என்று ஊருக்கு ஊர் பெயரும் தையல் முறையும் மாறும்.

இதில் ஒரு தனிப்பிரிவு, பழந்துணிகளின் மறுபதிப்பைக் கொண்டு தைப்பது. 18, 19ஆம் நூற்றாண்டுத் துணிகளின் நிறத்தையும் சித்திரத்தையும் பார்த்து இன்று புதிதாகச் செய்த துணிகளை வாங்கி, அந்தக் காலத்து விரிப்பு எப்படி இருந்திருக்குமோ அப்படித் தைப்பார்கள். அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு சந்தை இருக்கிறது. பார்பரா பிராக்மன் போன்ற விரிப்பு வரலாற்றாசிரியர்கள் உள்நாட்டுப் போர்க்காலத் துணிகளை ஆராய்ந்து, மறுபதிப்புகளை வடிவமைத்தும் கொடுத்திருக்கிறார்கள். அங்கே கிடைப்பது ஆலையில் அச்சடித்த துணி. காவிரிப் படுகையிலோ கையால் எழுதிச் சாயமேற்றிய துணியே இன்னும் கிடைக்கிறது. ஐரோப்பாவில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய ஒட்டுத்துணி விரிப்புகளில் ஒன்றில் இந்தக் குடும்பத்துத் துணிதான் இருக்கிறது என்பது தஞ்சாவூர்ப் பக்கத்தில் பலருக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டும்.

இங்கிலாந்தின் வடமேற்கில் லெவன்ஸ் ஹால் என்றொரு மாளிகை. அங்குள்ள ஒரு படுக்கை விரிப்பு 1708 வாக்கில் தைத்தது என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. அதன் துண்டுகள் இந்தியாவிலிருந்து கப்பலேறிப் போன, சிவப்பும் நீலமுமாகப் பூ எழுதிய பருத்தித் துணிகள். துவைத்தாலும் சாயம் போகாத பருத்தித் துணி அன்றைய ஐரோப்பாவுக்குப் பெரிய புதுமை. மக்கள் அள்ளி வாங்கினார்கள். கம்பளி நெசவாளரும் பட்டு நெசவாளரும் கொதித்தார்கள். பிரான்ஸ் 1686இல் தடை போட்டு 1759 வரை நீட்டியது. இங்கிலாந்து 1700இல் இறக்குமதியைத் தடுக்கச் சட்டம் செய்து, 1721இல் உடுத்துவதையும் வீட்டில் பயன்படுத்துவதையும் தடுத்து, 1774இல்தான் தளர்த்தியது. புதுத்துணி கிடைக்காத இடத்தில் பழைய கவுனின் கிழியாத கையகலத் துண்டுக்கும் மதிப்பு வந்திருக்கும். அந்த நாட்களில் ஒட்டுத்துணித் தையல் அங்கே வேரூன்றியதற்கு இதுவும் ஒரு காரணம் என்று கொள்வதில் தவறில்லை.

அந்தத் துணிகளில் பெரும்பங்கு கிளம்பிய இடம் சோழமண்டலக் கரை. டேனியர் 1620இல் தரங்கம்பாடியில் இறங்கினார்கள். டச்சுக்காரர் 1658இல் போர்ச்சுகீசியரிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்து, 1690இல் அதையே இந்தக் கரையின் தலைமையிடமாக்கி, 1781இல் ஆங்கிலேயரிடம் இழந்தார்கள். மிளகும் கிராம்பும் வாங்கக் கிழக்கே போன கப்பல்களுக்கு இந்தத் துணிதான் பணம். இந்தோனேசியத் தீவுகளில் நாணயத்தைவிட இதற்குத்தான் மரியாதை.

கரையிலிருந்து உள்ளே வந்தால், கொள்ளிடக் கரையில், இன்றைய அரியலூர் மாவட்டத்தில் கோடாலிக் கருப்பூர். தஞ்சை மராட்டிய அரச குடும்பத்துக்காக இங்கே செய்த புடவைக்கு ஈடாக இன்னொன்றைச் சொல்வது கடினம். மெல்லிய பருத்தியில் நெய்யும்போதே தங்க ஜரிகையால் பூக்களைக் கோத்து நெய்வார்கள். தறியிலிருந்து இறங்கிய பிறகு மெழுகு தடவி, கலம் என்ற மூங்கில் எழுதுகோலால் எழுதி, ஆழ்ந்த சிவப்பில் சாயமேற்றுவார்கள். ஜரிகை சிவப்புக்குள்ளிருந்து மினுங்கும்போது துணி முழுவதற்கும் ஒரு செம்பு நிறம் வந்துவிடும். நெசவும் சாயமும் ஒரே துணியில் சரிபாதியாக உழைத்த வேலை இது. 1855இல் மன்னர் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசில்லாமல் இறந்ததும் கும்பினி அரசை எடுத்துக்கொண்டது. வாங்கும் அரண்மனை போனதும் புடவையும் தேய்ந்து, அந்த நூற்றாண்டு முடிவதற்குள் நின்றுபோனது.

புடவை நின்றாலும் எழுதும் கை நிற்கவில்லை. கும்பகோணம் வட்டாரத்துச் சிக்கல்நாயக்கன்பேட்டையில் கோயில் துணிகளாக அது தொடர்ந்தது. மேலே கட்டும் அஸ்மானகிரி, வாசலில் தொங்கும் தோரணம், தேரிலும் மண்டபத்திலும் உருளை உருளையாகத் தொங்கும் தொம்பை ஆகியவைதான் இந்தக் குடும்பங்களின் வேலை. கருப்பூர்க் கலம்காரி என்ற பெயரில் இந்த வேலைக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. தாமதம்தான், ஆனாலும் வந்தது.

எழுதிய தொம்பையோடு ஒட்டுத் தையல் தொம்பையும் தஞ்சாவூரில் உண்டு. இது ஒட்டுத்துணி விரிப்புக்கு நேர் உறவு. முரட்டு அடித்துணியில் சிவப்பு, மஞ்சள், பச்சை, வெள்ளை, கறுப்புத் துணிகளை யாளியாகவும் கிளியாகவும் தாமரையாகவும் வெட்டி வைத்து, ஓரத்தை மடித்துத் தைத்து, உருவத்தின் விளிம்பைச் சுற்றிக் கயிறு கோத்து எடுப்பாகக் காட்டுவார்கள். திருவாரூர் ஆழித்தேர் 96 அடி உயரம் நிற்பதற்குக் காரணம், மரத்தட்டுகளுக்கு மேலே மூங்கிலைக் கட்டித் துணி போர்த்துவதுதான். அவ்வளவு உயரத்தில் இருப்பது கீழே நிற்பவர் கண்ணுக்குத் தெரிய வேண்டுமென்றால் நிறம் அடித்துப் பேச வேண்டும், உருவம் பெரிதாக இருக்க வேண்டும், விளிம்பு தெளிவாக இருக்க வேண்டும். தஞ்சாவூர் ஒட்டுத் தையலின் இலக்கணம் இந்தத் தேவையிலிருந்து பிறந்தது. விரிப்பு தைப்பவரும் இதை எடுத்துக்கொள்ளலாம்: நடுவில் வைக்கும் உருவம் பத்தடி தள்ளி நின்றாலும் தெரிய வேண்டும்.

பழந்துணியை மறுபடி செய்வது என்றால் எதை மறுபடி செய்வது? இது சின்னக் கேள்வி அல்ல. அருங்காட்சியகங்களில் இருக்கும் பழைய சோழமண்டலத் துணிகளைக் கிட்டே போய்ப் பார்த்தால் இலைகள் நீலமாக இருக்கும். அன்றைய கலைஞர் இலையை நீலமாக எழுதவில்லை. அவுரி நீலத்தின் மேல் மஞ்சள் பூசித்தான் பச்சை வரவழைத்தார்கள். வெயிலும் சலவையும் மஞ்சளைத் தின்றுவிட்டன. நீலம் மட்டும் மிஞ்சியது. மறுபதிப்பில் நீல இலை வைத்தால் அது 300 வருடம் கழிந்த துணியின் நகல். பச்சை இலை வைத்தால் அது எழுதி முடித்த நாளின் துணி. இரண்டும் நியாயம்தான், ஒரே விரிப்பில் இரண்டையும் கலப்பதுதான் கூடாது. கறுப்புக் கோடும் இப்படித்தான். இரும்பிலிருந்து எடுக்கும் கறுப்பு நாளடைவில் நூலை அரிக்கும். பழைய துணிகள் சிலவற்றில் கறுப்புக் கோடு இருந்த இடம் மட்டும் இற்று, சுற்றியுள்ள சிவப்புப் பூ பத்திரமாக நிற்பதைக் காணலாம். மறுபதிப்பு வாங்கும்போது கறுப்பு அடைத்த துண்டுகளைக் குறைத்து, கறுப்பு கோடாக மட்டும் ஓடும் துண்டுகளைக் கூட்டிக்கொண்டால் விரிப்பு நெடுநாள் உழைக்கும்.

மறுபதிப்புக்கு வழிகாட்டும் ஆவணங்கள் வெளிநாடுகளில்தான் அதிகம். பொலியூ என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி 1734 வாக்கில் புதுச்சேரியில் ஒரு துணி எழுதப்படுவதை உடனிருந்து பார்த்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு துண்டு வெட்டி வைத்து, குறிப்பும் எழுதினார். 1742இல் ஏசுசபைப் பாதிரியார் கெர்தூ சாயமுறையைக் கடிதமாக எழுதி அனுப்பினார். 1866இல் ஜான் ஃபோர்ப்ஸ் வாட்சன் இந்தியத் துணிகளில் 700 மாதிரிகளை வெட்டி ஒட்டி 18 தொகுதிகளாக வெளியிட்டார். இதில் 20 செட். இந்தியர் எதை உடுத்துகிறார்கள் என்று பிரிட்டிஷ் ஆலைக்காரருக்குக் காட்டி, அதைப்போல அங்கே செய்து இங்கே விற்பதற்காக எடுத்த முயற்சி அது. நம் நெசவாளரின் பிழைப்பைப் பறிக்கச் செய்த அதே தொகுதிகள் இன்று பழந்துணி ஆராய்ச்சிக்குப் பொக்கிஷம். 1980களில் மார்த்தாண்ட் சிங் முன்னின்று நடத்திய ‘விஸ்வகர்மா’ கண்காட்சிகளுக்காக நெசவாளர் சேவை மையங்கள் பழைய துணிகளைத் திரும்பச் செய்து பார்த்தன. அறுந்த நூல் பல இடங்களில் மறுபடி முடிச்சுப் போடப்பட்டது அப்போதுதான்.

சாயமுறை தெரியாமல் துணியை மதிக்க முடியாது. காடாத் துணியை நன்றாகக் கஞ்சி போக வெளுத்து, கடுக்காய்ச் சாறும் எருமைப் பாலும் கலந்த நீரில் ஊறவைத்துக் காயவைப்பார்கள். கடுக்காயின் துவர்ப்பு சாயத்தைப் பிடிக்கும். பாலின் கொழுப்பு எழுதும் கோடு பரவாமல் தடுக்கும். ஊசியால் துளையிட்ட தாளில் கரித்தூள் தட்டி உருவத்தை இறக்கி, நுனியில் கம்பளியோ துணியோ சுற்றிய மூங்கில் கலத்தால் கோடு இழுப்பார்கள். துருப்பிடித்த இரும்பை வெல்லத்தோடு புளிக்க வைத்த நீர் தொட்டால் கறுப்பு. சிவப்பு வேண்டிய இடத்தில் படிகார நீர். அதை எழுதும்போது நிறமே இருக்காது. சாயவேர் போட்டுக் கொதிக்கவைத்தால் படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவந்து எழும். நீலத்துக்கு, நீலம் வேண்டாத இடமெல்லாம் மெழுகால் மூடி அவுரித் தொட்டியில் முக்க வேண்டும். பிறகு கொதிநீரில் மெழுகை எடுத்து, கடைசியாக மஞ்சள். கிளிஞ்சல் கலந்த மணலில் விளைந்த சாயவேருக்கு அந்தக் காலத்தில் தனி விலை, சுண்ணாம்புச் சத்து சிவப்பைத் தூக்கிக் காட்டும் என்பதால். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓடும் தண்ணீரில் அலசல் வேண்டும். படுகையில் ஓடும் தண்ணீர் என்றால் மேட்டூர் அணை திறந்தால்தான். ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவது முறை. உழவரைப் போலவே சாயக்காரரும் அந்தத் தேதியை எதிர்பார்த்திருப்பவர்.

இனி விரிப்பு. முதல் வேலை துணி பொறுக்குவது. கடையில் ‘கலம்காரி’ என்று சொல்லி விற்பதில் பெரும்பகுதி திரையச்சு. கண்டுபிடிப்பது எளிது. கையால் எழுதிய கோடு ஓரிடத்தில் தடித்து ஓரிடத்தில் மெலியும். ஒரு பூ இன்னொரு பூவைப் போல அச்சாக இருக்காது. துணியைத் திருப்பினால் பின்பக்கமும் நிறம் ஊறியிருக்கும். திரையச்சில் குறிப்பிட்ட இடைவெளியில் அதே பூ அதே பிசகோடு திரும்ப வரும், பின்பக்கம் வெளிறியிருக்கும். விரிப்பு முழுவதும் கைவேலைத் துணியே வேண்டுமென்றால் செலவு தாங்காது. நடு உருவத்துக்கும் ஐந்தில் ஒரு பங்குத் துண்டுகளுக்கும் அதை வைத்து, மீதிக்கு மரக்கட்டை அச்சுத் துணியும் கூறைநாட்டுக் கட்டம் போட்ட பருத்தித் துணியும் சேர்க்கலாம். மயிலாடுதுறையை ஒட்டிய கூறைநாட்டின் கட்டம் கலம்காரிப் பூவுக்குப் பக்கத்தில் அழகாக அமரும். பட்டு கலந்த கூறைப் புடவையை மட்டும் தவிர்க்க வேண்டும். பருத்தியும் பட்டும் ஒரே மாதிரி சுருங்காது.

நிறத்துக்கு ஒரு காலக்கோடு உண்டு. பெர்கின் முதல் செயற்கைச் சாயத்தைக் கண்டது 1856இல். சாயவேரின் சிவப்புக்கு மாற்று 1869இல் வந்தது. செயற்கை நீலம் 1897இல் சந்தைக்கு வந்தது. ஆகவே மராட்டியர் காலத்து விரிப்பு என்று தைத்தால் ராணிக் கலர், கத்தரிப்பூ ஊதா, மின்னும் பச்சை எதற்கும் இடமில்லை. சாயவேர்ச் சிவப்பு, அவுரி நீலம், கறுப்பு, கடுக்காய் மஞ்சள், வெளுக்காத காடாவின் வெள்ளை ஆகிய ஐந்து போதும். ஐந்துக்குள் எத்தனை சாயை வருகிறது என்பது துண்டுகளைப் பரப்பிய பிறகுதான் தெரியும்.

வெட்டும் முன் எல்லாவற்றையும் தனித்தனியாகத் தண்ணீரில் ஊறவைத்து அலச வேண்டும். ஈரத் துணியை வெள்ளைத் துணிமேல் வைத்து அழுத்தினால் சாயம் இறங்குகிறதா என்று தெரிந்துவிடும். இறங்கினால் தெளியும் வரை அலசல், தெளியாவிட்டால் அந்தத் துணி வேண்டாம். ஒரே ஒரு சிவப்புச் சதுரம் முழு விரிப்பையும் கெடுத்துவிடும்.

ஒற்றைக் கட்டில் அளவுக்கு நாலரை அங்குலச் சதுரமாக வெட்டுவது வசதி. நான்கு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குப் போனால் நான்கு அங்குலச் சதுரம் நிற்கும். அகலத்துக்கு 15, நீளத்துக்கு 22 என்றால் 330 சதுரம். விரிப்பு 60க்கு 88 அங்குலம். 44 அங்குல அகலத் துணியில் ஒரு மீட்டருக்கு 72 சதுரம் தேறும், ஆக எல்லாத் துணியும் சேர்த்து ஐந்து மீட்டர் போதும். அடர்ந்த நிறம் பாதி, வெளிர் நிறம் பாதி. ஒரே துணியின் இரண்டு துண்டு பக்கத்தில் பக்கத்தில் வரக் கூடாது என்பது மட்டும் விதி. தரையில் பரப்பி, எட்டி நின்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் எங்கே இருள் திரண்டிருக்கிறது, எங்கே வெளுத்துக் கிடக்கிறது என்று தெரியும். துணி பற்றாத காலத்தில் தைத்தவர்கள் ஒரு சதுரத்தையே இரண்டு மூன்று துண்டு இணைத்துத் தேற்றினார்கள். மறுபதிப்பிலும் அங்கங்கே அப்படிச் சில சதுரம் வைத்தால்தான் அது அந்தக் காலத்து விரிப்பாகத் தோன்றும்.

இன்னொரு அடுக்கு முறை, சதுரங்களுக்கிடையே இரண்டங்குலக் காடாப் பட்டை விடுவது. இதற்கு மிகப் பழைய முன்மாதிரி இருக்கிறது. மகத நாட்டு வயல்களையும் வரப்புகளையும் காட்டி, துறவிகளின் ஆடையை அப்படித் துண்டு துண்டாகத் தைக்கும்படி புத்தர் ஆனந்தரிடம் சொன்னதாக விநய பிடகம் கூறுகிறது. ராஜராஜன் காலத்தில் ஸ்ரீவிஜய மன்னர் சூடாமணி விகாரை எழுப்பிய நாகப்பட்டினம் இதே படுகையில்தான் இருக்கிறது. வயலும் வரப்புமான அமைப்பு நெல் விளையும் மண்ணின் விரிப்புக்குப் பொருத்தம், துணியும் குறைவாகச் செலவாகும்.

நடு உருவத்துக்குத் தொம்பை முறைதான் சரி. கலம்காரித் துணியிலிருந்து ஒரு கிளியையோ மரத்தையோ ஓரத்தில் கால் அங்குலம் விட்டு வெட்டி, வளைவு வரும் இடங்களில் சிறு வெட்டுக் கொடுத்து, உள்ளே மடித்து, கண்ணுக்குத் தெரியாத எம்மிங் தையல் போட வேண்டும். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பியப் பெண்கள் இந்தியத் துணியின் பூக்களை இதேபோல வெட்டி வெள்ளைத் துணியில் பதித்தார்கள்.

உள்ளே பஞ்சு வேண்டாம். குளிர்நாட்டு முறையைச் சித்திரை வெயிலுக்குக் கொண்டுவந்தால் விரிப்பு பீரோவிலேயே கிடக்கும். இலவம்பஞ்சு துவைத்தால் திரண்டுவிடும். நைந்து மெத்தென்றாகிவிட்ட பழைய பருத்திப் புடவை ஒன்று நடுவில் போதும். மார்கழிப் பனிக்கு அது தாங்கும். அடித்துணிக்கு 8 முழ வேட்டி ஒன்றே சரியாக வரும். அதைக் குறுக்கே இரண்டாக வெட்டி, நீளவாட்டில் இணைத்தால் ஏறக்குறைய 71க்கு 99 அங்குலம் கிடைக்கும். சுற்றிலும் ஐந்து அங்குலம் மிஞ்சும் பகுதியை மேல்பக்கம் மடித்துத் தைத்தாலே ஓரமும் கட்டியாகிவிட்டது.

மூன்று அடுக்கையும் நூலோட்டிப் பிடித்த பிறகு ஓடுதையலை நடுவிலிருந்து ஓரத்துக்குக் கொண்டுபோக வேண்டும். இல்லாவிட்டால் நடுவில் துணி புடைக்கும். கர்நாடகத்துச் சித்திப் பெண்கள் இதற்கு நேர்மாறாக ஓரத்தில் தொடங்கி, துண்டுகளை வைத்துக்கொண்டே சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். நான்கு மூலையிலும் மடித்த துணியால் பூ வைக்காமல் அவர்கள் விரிப்பை முடிப்பதில்லை. கை பழகியவருக்கு அது சாத்தியம். புதிதாகத் தைப்பவருக்கு முதல் முறைதான் பத்திரம். இயந்திரத் தையல் வேகமானது, ஆனால் மெல்லிய பழந்துணி அடுக்கில் அது விறைத்து நிற்கும். கைத்தையலின் மெல்லிய சுருக்கம்தான் இந்த விரிப்பின் அழகு.

துவைக்கப் பூந்திக்கொட்டை, காயவைக்க நிழல். சோப்புத்தூளும் வெளுப்பானும் இரும்புக் கறுப்பையும் மஞ்சளையும் சீக்கிரம் தீர்த்துவிடும்.

கடைசியாக இரண்டு வேண்டுகோள். வீட்டில் பாட்டி காலத்துப் புடவையோ, கோயிலிலிருந்து வந்த பழைய தொம்பைத் துணியோ இருந்தால் அதில் கத்திரிக்கோல் படக் கூடாது. அதன் சாயமும் நெசவும் இன்னும் யாரும் எழுதி வைக்காத பாடமாக இருக்கலாம். வெட்டுவதற்குப் புதுத்துணி சிக்கல்நாயக்கன்பேட்டையில் எழுதுகிறார்கள். வாங்க ஆளிருந்தால் தொடர்ந்து எழுதுவார்கள். தைத்து முடித்ததும் அடித்துணியின் ஒரு மூலையில் தைத்தவர் பெயர், ஊர், ஆண்டு, துணி எழுதிய ஊர் இவற்றோடு ‘மறுபதிப்பு’ என்ற சொல்லையும் நூலால் தைத்து வையுங்கள். நூறு வருடம் கழித்து அதை எடுத்துப் பார்ப்பவர் மராட்டியர் காலத்துத் துணி என்று ஏமாறக் கூடாது.